சாம்பல் நிற ஆடையும் நம் உணவுப் பொதியும்



கடந்த குளிர்காலத்தில் நான் செய்த ஒரு பிழையை உங்கள்முன் ஏற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் நம் ஆலயத்தின் கீழ்மண்டபத்தில் உணவுப் பொதிகள் வழங்கப்படுவதை அறிவீர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், பொதி வழங்கும் காட்சியைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் இட்டோம். எடுக்கச் சொன்னவன் நானே. நன்கொடையாளருக்கு நன்றியாகவும் இளையோருக்கு ஊக்கமாகவும் இருக்கும் என்று எண்ணினேன். ஊதியம் பெறும் நம் ஒருங்கிணைப்பாளர் மட்டும் வேண்டாம் என்றார். "சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு எங்கள் ஆர்வம் எப்படிப் புரியும்?" என்று தொண்டர் ஒருவர் கேட்டார். நான் தொண்டர் பக்கம் சாய்ந்தேன்.

அடுத்த வாரம், அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். அந்தப் படம் ஊரிலுள்ள உறவினர் கைக்குப் போயிருந்தது. "பாதர், நான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

சில நாள்களின்பின், பழைய மொன்றியலில் சென் பியர் வீதியில், புனித மார்கரீத் தியூவில் வாழ்ந்த இல்லத்தின் முன் நின்றேன். வறியவருக்குப் புகலிடம் தந்த இந்தக் கைம்பெண்ணும் அவருடைய தோழியரும் 1737இல் தம் பணியைத் தொடங்கியபோது, நகரம் அவர்களை 'கிரீஸ்' என்று ஏளனம் செய்தது. பிரெஞ்சில் அச்சொல் சாம்பல் நிறத்தையும் குறிக்கும், குடிமயக்கத்தையும் குறிக்கும். அவருடைய கணவர் பூர்வகுடியினருக்கு மதுபானம் விற்றவர் என்பதால் அந்த ஏளனம் இன்னும் ஆழமாகத் தைத்தது. அவர்களோ பின்னாளில் சாம்பல் நிறத்தையே தம் துறவு ஆடையின் நிறமாகத் தெரிந்துகொண்டனர். 1747இல் கடனில் மூழ்கிக் கிடந்த பொது மருத்துவமனையை ஏற்றனர். 1765இல் அது தீக்கிரையானபோது முழந்தாளிட்டு இறைவனைப் புகழ்ந்தனர். பின்பு மீண்டும் கட்டினர்.

நற்பெயர் அவர்களுக்குக் கூலியாக இருக்கவில்லை என்பது அங்கே எனக்கு விளங்கியது. சம்பளம் வாங்குபவர் கூலிக்காரர், வாங்காதவர் தியாகி என்று நாம் பிரித்துவிடுகிறோம். ஆனால் கைதட்டலும் ஒரு சம்பளமே. அதை எதிர்பார்க்கும் தொண்டர் ஊதியமின்றி உழைக்கவில்லை. அவருக்கான ஊதியத்தைச் சிலவேளை வரிசையில் நிற்கும் ஏழையே தன் மானத்தால் செலுத்த நேர்கிறது. மலைப்பொழிவில் ஆண்டவர் வலக்கையையும் இடக்கையையும் பற்றிச் சொன்னதைப் பலமுறை மறையுரையில் விளக்கிய நான், கைபேசியைக் கையில் எடுத்தபோது அதை மறந்தேன்.

எனவே ஒருங்கிணைப்பாளரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பணியாளரும் தொண்டரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினோம். யார் பெரியவர் என்பதை விட்டு, எதற்காக இங்கே வருகிறோம் என்று ஒவ்வொருவரும் சொன்னோம். சம்பளத்தைப் பழித்த தொண்டரே, தாம் கொழும்பில் இடம்பெயர்ந்து வாழ்ந்த நாள்களில் அரிசிக்கு வரிசையில் நின்றதைச் சொல்லிக் கண்கலங்கினார். அன்றுமுதல் கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கிறோம்: இன்று இந்த வரிசையில் என் தாய் நிற்கிறாள். படம் எடுப்பதில்லை. பெயர்ப்பட்டியலை ஒருங்கிணைப்பாளர் மட்டுமே வைத்திருக்கிறார். பொதியைத் தருபவர் முதலில் சுகம் விசாரிக்கிறார். இவற்றை விதிகளாக எழுதி ஒட்டவில்லை. புதிதாக வருபவர்கள் மற்றவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தத் தாய் இன்னும் மண்டபத்துக்கு வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் தம் வேலைநேரம் முடிந்தபின் பொதியை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறார். அதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை.

ஒரு வேண்டுகோள்: அந்தப் படம் இன்னும் உங்கள் கைபேசியில் இருந்தால், இதை வாசித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். அக்டோபர் 16 புனித மார்கரீத்தின் திருநாள். அன்றைய திருப்பலியில், பெயர் சொல்லாமல், அந்தத் தாய்க்காக மன்றாடுவோம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.