பாத்திரம் இல்லை

வங்கியில் திரும்பிப் போகும் காசோலைகளுக்கு நாங்கள் காரணத்தை விரித்து எழுதுவதில்லை; எண் போடுகிறோம். 01 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 12 என்றால் கையெழுத்து மாறுபடுகிறது. இந்த எண்களுக்கு எந்த வங்கியானாலும் ஒரே பொருள்தான். இண்டக்‌ஷன் அடுப்பின் முகத்தில் சிவப்பாக மின்னும் எண்களுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஒரு கம்பெனிக்கு மின்னழுத்தக் குறைவைச் சொல்லும் எண், இன்னொரு கம்பெனிக்குப் பாத்திரம் இல்லை என்பதைச் சொல்லலாம். ஆளுக்கொரு அகராதி. அந்த அகராதியும் அடுப்போடு வரும் ஒற்றைத் தாளில் இருக்கிறது. தாள் முதலில் தொலைகிறது, பிறகுதான் பிழை வருகிறது.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த அடுப்பின் தாளில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தன. ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால் அதை வாசிப்பது என் பொறுப்பாயிற்று. அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுவாள்: “ஈ சைபருங்குதுய்யா. என்ன கேக்குதாம்?”

என்ன சொல்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் ஈ என்பது பிழை என்ற சொல்லின் முதலெழுத்து. தமிழில் அது தன்னளவில் முழுமையான சொல்; கொடு என்று பொருள். ஈ, தா, கொடு மூன்றையும் இரப்பவனின் சொற்களாக வகுக்கும் தொல்காப்பியம், அவற்றுள் ஈ என்பதைத் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது சொல்வதாக ஒதுக்குகிறது. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல்தான். என்றாலும் இந்தக் குறிகளைப் பிழை என்று வாசிப்பதைவிட யாசகம் என்று வாசித்தால் அடுப்பு சீக்கிரம் புரிகிறது.

கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறினாலும் அது கேட்பவை சிலவே. காற்றுக் கொடு என்று கேட்கும்: அடியிலுள்ள விசிறியின் வழியைத் தூசியோ கரப்பானோ அடைத்திருக்கும், அல்லது அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்போம். சூட்டைக் குறை என்று கேட்கும்: வெறும் பாத்திரம் காய்ந்துகொண்டிருக்கும். சரியான மின்னழுத்தம் கொடு என்று கேட்கும்: 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும், மிக்சிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் சுடுகிறது, உருகவும் செய்யும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். இவற்றையெல்லாம் கொடுத்த பிறகும், இணைப்பைப் பிடுங்கிச் சில நிமிஷம் ஆறவிட்டுப் போட்ட பிறகும், அதே எண் நின்றால் அது உள்காயம். கண்ணாடித் தட்டுக்கு அடியில் சூட்டை அறியும் தெர்மிஸ்டர் அறுந்திருக்கலாம். மின்சாரத்தைக் கணந்தோறும் வெட்டி விடும் ஐ.ஜி.பி.டி. போயிருக்கலாம். அதற்கு மெக்கானிக். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், வாசகன் தானே பிரித்துப் பார்ப்பது உசிதமில்லை.

மின்னழுத்தம் எங்கள் பக்கம் ஒரு தனி விஷயம். திருச்சுழியைத் தாண்டிய கிராமங்களில், கம்பி நீண்டு நீண்டு கடைசி வீட்டை அடையும்போது மின்சாரம் இளைத்துவிடுகிறது. குண்டாறு போகும் வழியில் தென்கிழக்கே போனால் கமுதி. அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தது. மழையைத் தராத வானத்திலிருந்து அவ்வளவு மின்சாரம். அதன் பக்கத்திலிருந்தும் பல்பு மங்குகிறதே என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் எங்கோ போய்விடும். நம் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பதை நம் தெரு டிரான்ஸ்பார்மரும், அங்கிருந்து வரும் கம்பியின் நீளமும் கனமும், அதில் தொங்கும் மோட்டார்களும் தீர்மானிக்கின்றன. அருகில் இருப்பதனால் மட்டும் ஒன்று நமக்குக் கிடைத்துவிடுவதில்லை. அடுப்பு காட்டும் எண் அடுப்பைப் பற்றியதே இல்லாமல், தெருக்கோடிக் கம்பத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

ஆனால் என்னை அலைக்கழித்தது ‘பாத்திரம் இல்லை’ என்ற குறி. பாத்திரம் எதிரே இருக்கிறது. அதில் தண்ணீரும் அரிசியும் இருக்கின்றன. அடுப்பு இல்லை என்கிறது. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டார். அது உலோகத்துக்குள் சுழலாக ஓடிச் சூடேற்றுவதை 1855-இல் ஃபூக்கோ காட்டினார். அடுப்பில் நடப்பது இதுதான். அடியிலுள்ள செம்புச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மின்சாரம் திசை மாறுகிறது. காந்தம் ஒட்டும் உலோகம் மேலே இருந்தால் அதன் அடிப்பாகம் சூடாகிறது. அடுப்பில் தீ இல்லை, சூடு பாத்திரத்திலேயே பிறக்கிறது. அலுமினியத்திலும் செம்பிலும் பித்தளையிலும் அந்தச் சுழல் பெரிய தடையின்றி ஓடிவிடுகிறது. தடையில்லாத இடத்தில் சூடும் போதாது. மண்சட்டியில் சுழலே கிடையாது. எவர்சில்வரில்கூட நிக்கல் நிறையச் சேர்ந்த விலை உயர்ந்த ரகத்தில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. மலிவான சில ரகங்களில் ஒட்டும். கடைக்குப் போகிறவர் பையில் ஒரு காந்தத் துண்டு போதும். ஒட்டியும் குறி வந்தால், பாத்திரத்தின் அடி சிறுத்திருக்கும், அல்லது குழிந்திருக்கும், அல்லது வட்டத்தின் நடுவில் இராது.

இதன் பொருள்: என் பாட்டியின் சீராக வந்த பித்தளைப் பானை, அவள் குழம்பு வைத்த மண்சட்டி, அம்மா சீட்டுக் கட்டி வாங்கிய அலுமினியக் குண்டான் மூன்றும் இந்த அடுப்புக்கு இல்லாதவை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதற்காகவே பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டார்கள். “அடுப்பு ஏத்துக்கிட மாட்டேங்குது, வச்சு என்ன செய்ய” என்றார் அந்த வீட்டு அக்கா. தராசு தட்டில் இறங்கியபோது அவருக்குத் துக்கமொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கருவி தன் இயலாமையைச் சொன்னது. அதை அவர் பாத்திரத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். எடைக்குப் போனது திரும்பி வராது.

12 என்ற எண்ணை நான் போடும்போதும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. சீமைக்கருவேல மூட்டத்தில் கரி சுட்டே விரல்கள் விறைத்துப்போன ஒரு பெரியவர், பல வருஷங்களுக்கு முன் போட்ட கையெழுத்தை இன்று போட முடியாமல் கௌண்டருக்கு எதிரே நிற்கிறார். அவரை எனக்குத் தெரியும். புத்தகத்திலிருக்கும் போட்டோவும் அவர்தான். நேரில் வந்தவருக்குப் புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வழி உண்டு. காசோலை மட்டும் வந்திருந்தால் எண்தான். அவர் கைக்கு வயதானது அந்த எண்ணில் ஏறாது. கையெழுத்து மாறுபடுகிறது, எதிலிருந்து, ஏன் என்பதற்கு அதில் இடமில்லை.

நம் விமர்சனத்தில் இந்த எண்களின் புழக்கம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. க.நா.சு. பட்டியல் போட்டார், செல்லப்பா அலசினார் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். அவர்கள் இருவரும் எதற்கு இசைவார்கள், எதற்கு இசையமாட்டார்கள் என்பதை வாசகன் அறிந்திருந்தான். அவர்களுடைய ‘இல்லை’யை அதற்கேற்பக் கழித்துப் படித்தான். பின்னால் வந்த நாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம். உருவம் இல்லை, பிரக்ஞை இல்லை, மொழி இல்லை. கரிசல் பேச்சு பல காலம் இலக்கிய மொழியில் ‘இல்லை’ என்ற கணக்கிலேயே இருந்தது. கி. ராஜநாராயணன் அதில் கதைகள் எழுதினார். 1982-இல் அதற்கு ஓர் அகராதியும் வந்தது. அகராதி வருவதற்கு முன்பும் அந்தச் சொற்கள் இருந்தன, சமைத்துக்கொண்டும் இருந்தன. பாத்திரமறிந்து பிச்சையிடு என்ற பழமொழியில் பாத்திரம் என்பது தகுதி. ‘பாத்திரம் இல்லை’ என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டாவது பொருளும் ஓசைப்படாமல் உள்ளே வந்துவிடுகிறது: எனக்குப் புலப்படவில்லை என்பது, உனக்குத் தகுதியில்லை என்றாகிவிடுகிறது.

எல்லாப் பாத்திரமும் நல்ல பாத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டைப் பாத்திரங்கள் உண்டு. அவற்றில் காந்தமும் நன்றாக ஒட்டும். அடுப்பு அவற்றை மனமார ஏற்றுக்கொள்ளும், குழம்பு மட்டும் மிஞ்சாது. ஆகவே குறி வராததும் ஒரு சான்றாகிவிடாது. விமர்சகன் தன் எண்ணைப் போடட்டும். கூடவே, தன்னால் எந்த உலோகத்தை உணர முடியும், எதை முடியாது என்ற தாளையும் வாசகன் கையில் கொடுக்கட்டும். தாள் கிடைத்தவர்கள் பித்தளையை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்கள்.