நான் குடிக்காதவன்

எங்கள் மலையில் யார் வந்து கூட்டம் போட்டாலும் குடியைப் பற்றித்தான் பேசுவார்கள். மலையாளிப் பழங்குடி ஆம்பளை குடித்தே குடும்பத்தை அழிக்கிறான் என்பார்கள். நான் குடிப்பதில்லை. அந்த நல்ல பேரை வைத்துக்கொண்டே என் மனைவியின் பணத்தை இத்தனை காலமும் எடுத்திருக்கிறேன்.

கொல்லிமலையில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் உண்டு. மரவள்ளியை வியாபாரி காட்டோடு விலை பேசி, முன்பணத்தை என் கையில் கொடுப்பார். கிழங்கு லாரி ஏறிச் சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடும். களை எடுத்தவள் என் மனைவி. விலை பேசும்போது அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பாள்.

என் அம்மா காலத்தில் வீட்டுக் குதிரில் சாமையும் கேழ்வரகும் கிடந்தன. சாமையை உரலில் குத்திப் புடைப்பது பெண்களின் எலும்பை முறிக்கிற வேலை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விதைக்கு எவ்வளவு எடுத்து வைப்பது, யாருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது என்பதெல்லாம் அம்மாவின் முடிவு. அப்பாகூடக் கேட்டுத்தான் எடுப்பார். 1970-களுக்குப் பிறகு மரவள்ளி பரவப் பரவச் சாமைக் காடு சுருங்கியது. குதிரில் இருந்த அதிகாரம் ரொக்கமாகி ஆண்களின் சட்டைப் பைக்கு வந்தது. அப்படி வந்த பணத்தை நான் என் உழைப்பு என்றே நம்பினேன்.

வரவு செலவு நோட்டு ஒன்று எழுதுவேன். உரம், பெட்ரோல், பைக் ரிப்பேர், ஊர் வரி, மொய், ரீசார்ஜ் எல்லாம் அதில் இருக்கும். எண்ணெய், சோப்பு, மகளுக்கு நாப்கின், பையனுக்குக் காய்ச்சல் மருந்து எதுவும் இருக்காது. அவற்றை நூறு நாள் வேலைக் கூலியிலும் காப்பிப் பழம் பறித்த கூலியிலும் என் மனைவி வாங்கிவிடுவாள். நோட்டைக் காட்டி, வீட்டை நடத்துகிறவன் நான்தான் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. ஏடிஎம் கார்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு மெஷினில் எடுக்கத் தெரியாது என்று காரணம் சொன்னேன். சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரே நாளில் கற்றுக்கொண்டிருப்பாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே மகளிர் குழுவில் அவள் பேரில் கடன் வாங்க வைத்துப் பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தேன். தவணை கட்டியது அவள். ஒரு மாதம் பணம் புரளாமல் மூக்குத்தியை அடகு வைத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நோட்டை எடுப்பீங்க" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் அந்த நோட்டை ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த பிறகு அக்கா காட்டில் பங்கு கேட்டாள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்பதை நான் தெரிந்து வைத்திருந்தேன். அதைச் சொல்லியே அவள் வாயை அடைத்தேன். 2006 வன உரிமைச் சட்டம் கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்து உரிமை தரச் சொல்வதும் எனக்குத் தெரியும். அதை வீட்டில் ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை.

இப்போது கார்டு என் மனைவியிடம் இருக்கிறது. மூக்குத்தியை மீட்டுவிட்டோம், அதுவும் அவள் கூலியில்தான். பைக் கடனுக்காக அவள் கட்டியதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த வருஷம் மரவள்ளி முன்பணத்தை அவள் கணக்கில் போடும்படி வியாபாரியிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். ஆனால் அன்றும் விலை பேசியது நானும் அவரும்தான். அவளைக் கூப்பிட்டு உட்காரவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவிடம் பங்கைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.