பெயரும் தயக்கமும்

ராசிபுரம் பக்கத்தில் நான் பத்தாவது படித்தபோது ஆசிரியர் ஒருவர் என்னை வகுப்பின் முன் நிறுத்தி, "இவனுக்குத் தாழ்வு மனப்பான்மை" என்றார். காமாலை, டைபாய்டு போல அதுவும் ஒரு வியாதி என்று நினைத்த அப்பா, மருந்து உண்டா என்று விசாரித்தார்.

பல வருஷங்கள் கழித்து சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டேன். அப்படியொரு நோய் புத்தகத்தில் இல்லை என்றார். உண்மைதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் கையேட்டிலும் இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பதே உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. தன்பால் விருப்பத்தை நோயென்று வைத்திருந்து, 1973இல் நீக்க முடிவு செய்ததும் அதே சங்கம்தான்.

இந்தப் பெயரைப் பரப்பிய ஆட்லரே தாழ்வுணர்ச்சியை நோயாகக் கருதவில்லை. குழந்தைகள் எல்லோருக்கும் அது உண்டு, வளர உந்துவதும் அதுதான் என்றார். அதில் அகப்பட்டு ஒருவன் முடங்கிப் போவதையே 'காம்ப்ளெக்ஸ்' என்றார். நம்மிடம் வந்து சேர்ந்தபோது முதல் பாதி உதிர்ந்துவிட்டது. கூச்சப்படுகிறவனெல்லாம் காம்ப்ளெக்ஸ்காரன்.

அவருக்கு முன்பே யுங், சூரிச்சில், ஒரு சொல்லைச் சொல்லி, கேட்பவர் மனசில் தோன்றும் மறுசொல் வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். பதில் தாமதிக்கிற இடத்தில் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று கண்டார். இதைப் படித்தபோதுதான் என் விஷயம் எனக்குப் புலப்பட்டது. கணக்கிலோ இங்கிலீஷிலோ நான் தயங்கியதில்லை. "ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று கேட்டால் தயங்குவேன். ஊரா, காலனியா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அது. அன்று வகுப்பில் ஆசிரியர் கேட்டதும் அதைத்தான்.

தயக்கம் நிஜம். பெயர்தான் கோணல். முடிச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. பெயரோ அதை எனக்குள் கொண்டுபோய் வைத்தது. கேட்டவர் ஆரோக்கியமாகவே இருந்தார்.

போன மாசம் நாமக்கல்லில் மகளுக்கு வாடகை வீடு பார்க்கப் போனோம். "உங்களுக்கு எந்த ஊருங்க? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்றார் வீட்டுக்காரர். "காலனிங்க" என்றாள் மகள், உடனே. அவருக்குத்தான் மறுபேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீடு கிடைக்கவில்லை. அந்தத் தாமதத்துக்கு என்ன மனப்பான்மை என்று யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.