தீவகத்துத் தெருவில் ஒரு பழைய மோட்டார்

யாழ் நகரிலிருந்து தீவகம் செல்வோர் பெரும்பாலும் பண்ணைத் தாம்போதி வழியாகவே செல்வர். இருபுறமும் பரவைக்கடல், நடுவே நேரான தெரு. வேலணையை அடைந்தபின் ஒரு கிளை ஊர்காவற்றுறைக்குப் போகின்றது. மற்றொரு கிளை கடலிடையே போட்ட தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவினூடாகச் சென்று, குறிகட்டுவான் துறையில் முடிகின்றது. அதற்கப்பால் தெரு இல்லை. நாகபூசணி அம்மனைத் தரிசிக்க நயினாதீவு செல்வோரும், நெடுந்தீவிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்புவோரும் அங்கே படகேறுகின்றனர்.

இத்தெருவின் வரலாற்றை எழுத முற்படுவோர் பழைய ஆங்கிலேய மோட்டார்களை மறத்தல் இயலாது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகிய இவை யாழ்ப்பாணத்தாரின் குடும்பப் பெயர்கள் போலவே ஆகிவிட்டவை. மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்து 1971 வரை செய்யப்பட்டது. பிறந்த நாட்டில் அது காட்சிப் பொருளாகிவிட்ட பின்னரும், இங்கே மணமகனையும் நோயாளியையும் வெங்காய மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. ஆசையினால் மட்டும் அதனைக் காப்பாற்றி வைத்தோம் என்று எண்ணிவிடலாகாது. போர்க்காலத்தில் புதிய வண்டிகள் வருதல் அரிதாயிற்று. இருப்பதைப் பேணுவதே வழியாயிற்று.

கனடாவிலே குடியேறிய நம்மவர் பலர். தீவகத்தார் அவர்களுள் மிகுதி. குளிர்காலக் காலையில் மோட்டார் உயிர்க்க மறுப்பதை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இதற்குக் காரணம் மூன்று. முதலாவது, பற்றறிக்குள் நிகழும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகின்றது. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகின்றது. இரண்டாவது, எஞ்சின் எண்ணெய் பாகுபோல் தடித்துச் சுழற்சியைத் தடுக்கின்றது. மூன்றாவது, பெற்றோல் எளிதில் ஆவியாவதில்லை. தீப்பற்றுவது திரவமன்று, ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஆகவேதான் வின்னிப்பெக், எட்மன்டன் போன்ற நகரங்களில் வண்டி நிறுத்துமிடங்களிலே மின்செருகிகள் இருக்கின்றன. இரவு முழுவதும் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கின்றனர்.

யாழ்ப்பாணத்திலோ மார்கழியிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எனினும் அந்தப் பனிநாட்டுத் தொல்லை நமக்கும் ஒருமுறை வந்தது. குளிரால் அன்று, தடையால். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கள்ளச் சந்தையில் கிடைத்த சிறிதளவும் பொன்போல் விலை கூறியது. மோட்டார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின.

பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே நமது வெயிலும் அதற்குக் குளிரே! ஆறிக் கிடக்கும் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஈரமாகவே சென்று பிளக்கை நனைத்துவிடும். கனடாக்காரர் எஞ்சினைச் சூடாக்கி விடையளித்த அதே வினாவுக்கு நம் மெக்கானிக்குகள் வேறு விடை கண்டனர். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். சூடேறியதும் அது மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். இது புதுமையன்று. 1940களிலும் 1950களிலும் ஓடிய உழவு இயந்திரங்கள் சில, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும்படியே செய்யப்பட்டிருந்தன. ஆனால் இதற்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஏற்றத்திலும் பாரத்திலும் எஞ்சின் தட்டும். புகை கண்ணைக் கரிக்கும். நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய இரவில் யாரும் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அப்போத்தலின் அடியில் நின்ற சில துளிகளே ஒரு குடும்பத்தின் நம்பிக்கையாயிருந்தன.

தடை நீங்கிற்று. 2002இல் கண்டி வீதியும் திறந்தது. ஆயினும் தீவகத்தின் பழைய பகைவர் இருவர் நீங்கவில்லை: உப்பும் ஈரமும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு வாடைக்காற்று தாம்போதியின்மேல் கடல்நீரைத் தூவும்போது, இரவு வெளியே நின்ற பழைய மோட்டார் காலையில் முரண்டு பிடிப்பது இயல்பு. அப்பொழுது ஆத்திரப்படாது முறையாக ஆராய்தல் நன்று.

முதலிற் கோர்ணை அடித்துப் பார்க்க வேண்டும். ஒலி மெலிந்திருந்தால் பற்றறியின் முனைகளை நோக்குக. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சுடுநீரால் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கி, வசலீன் பூசினால் பாதி நோய் தீர்ந்துவிடும். கோர்ண் உரத்தும், எஞ்சின் சுழன்றும் உயிர்க்காவிடில் பொறியைச் சோதிக்க வேண்டும். சுற்றிலும் பெற்றோல் சிந்தியிராத இடத்தில், ஒரு பிளக் கம்பியின் முனையை உலர்ந்த துணியாற் பிடித்து எஞ்சினின் இரும்புக்குக் கால் அங்குல தூரத்தில் வைத்துச் சுழற்றினால் நீலப்பொறி பாய்தல் வேண்டும். பாயாவிடில் பொறியைப் பகிரும் மூடியைக் கழற்றி உள்ளீரத்தைத் துடைக்க வேண்டும். மழைக்காலத்து வழக்குகளிற் பெரும்பாலானவை இவ்விடத்திலேயே முடிந்துவிடும்.

பொறி உண்டாயின் எஞ்சியிருப்பது எரிபொருள். மொறிஸ் மைனரில் சாவியைத் திருப்பியதும் மின்பம்பி ‘டிக், டிக்’ என்று ஒலிக்கும்; மௌனமாயிருந்தால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்வதும் உண்டு. பெற்றோல் வாடை வீசினால் சோக்கை மிகுதியாக இழுத்துவிட்டனர் என்பது பொருள். அதனை உள்ளே தள்ளி, வேகமிதியை முழுதும் அழுத்திச் சுழற்ற மிகை வெளியேறும்.

பற்றறி இறந்துவிட்டாலோ கைபிடி இருக்கவே இருக்கின்றது. 1912இல் கடிலாக் வண்டிக்கு மின்தொடக்கி வரும்வரை உலகம் பெரும்பாலும் கைபிடியாலேயே மோட்டாரை எழுப்பியது. கியரை விடுவித்து, பெருவிரலை ஏனைய விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுத்தல் வேண்டும். எதிராக உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். கைபிடியும் இல்லாதார் மலைநாட்டிலே சரிவில் வண்டியை உருளவிட்டுத் தப்புவர். தீவகத்திற் சரிவேது? மனிதர் தோள்களே சரிவு. தெருவிலே ஒரு மோட்டார் நின்றுவிட்டால், மதிலருகே இருந்தவரும் சைக்கிளிற் போனவரும் கேளாமலே வந்து தள்ளுவதை இன்றும் காணலாம்.

நெடுந்தீவிலே இவ்வழக்கம் இன்னும் ஆழமானது. அங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் கடந்தே ஒரு சிறு பிளக்கும் வரவேண்டும். முருகைக்கல் வேலிகளின் அருகே நிற்கும் வண்டிக்குக் கடை இல்லை. கைதேர்ந்த அயலவரே கடை. பழுதான பாகத்தை எறியாது தேய்த்து, அராவி, வேறொன்றின் பாகத்தைப் பொருத்தி ஓடவைப்பர். நோயாளி குறிகட்டுவானில் வந்திறங்கிய பின்னரும் யாழ் ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் இருக்கின்றது. அங்கே காத்திருக்கும் வண்டி முதல் முறையிலேயே உயிர்த்தாக வேண்டும். ஆகவே பற்றறி முனையைத் துடைக்கும் பழந்துணியும், நல்ல பிளக் ஒன்றும், கைபிடியும் வண்டியில் இருக்கின்றனவா என்று இரவிலேயே பார்த்து வைப்பவரைத் தீவகத்தார் கஞ்சர் என்றோ பயந்தவர் என்றோ சொல்வதில்லை. பொறுப்புள்ளவர் என்றே சொல்வர்.