ஆயாவுக்கு ஒரு கானா

“எவன்டா அது, ரூமுக்குள்ள சாவு மேளம் போடறது?”

ஹாஸ்டலில் நான் கேட்ட இந்தக் கேள்விக்கு ரூம்மேட் முறைத்த முறைப்பு இருக்கே... “டேய், அது ஜாஸ்டா! நியூ ஆர்லியன்ஸ் பேண்ட். உனக்கெல்லாம் டேஸ்ட்டே கிடையாதா?” என்றான். லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு சவ ஊர்வலம். முன்னால் ட்ரம்பெட், ட்ராம்போன், தோளில் தொங்கும் பெரிய டிரம். பின்னால் குடையையும் கைக்குட்டையையும் சுழற்றி ஆடிக்கொண்டு ஒரு கூட்டம். அட, சாவு மேளமேதான்! திருவொற்றியூர்க்காரன் காது தப்புமா?

அன்று ராத்திரி தெர்மோடைனமிக்ஸை மூடி வைத்துவிட்டு ஜாஸ் பற்றிப் படித்தேன். (செமஸ்டர் ரிசல்ட் வரும்போது யாரும் கேட்காதீங்க.)

நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுக ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ ஸ்கொயர் என்ற மைதானத்தில் கூடி மேளம் அடித்து ஆடியிருக்கிறார்கள். அந்தத் தாளம், மிலிட்டரி பேண்ட், சர்ச் பாட்டு எல்லாம் கலந்து கட்டி, 1900-ஐ ஒட்டிய வருடங்களில் உருவானதுதான் ஜாஸ். அங்கே ஒருத்தர் இறந்தால் இடுகாடு வரை மெதுவான சோகப் பாட்டு. அடக்கம் முடிந்ததும் அதே பேண்ட் குத்துப்பாட்டு ரேஞ்சுக்கு மாறிவிடும். பின்னால் ஆடி வருகிற கூட்டத்துக்கு ‘செகண்ட் லைன்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நம்ம ஏரியாவில் போகும்போதே ஆடிவிடுவோம். அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்த ஊரின் ஏழைப் பகுதியில் 1901-ல் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1912 டிசம்பர் 31 ராத்திரி, நியூ இயர் குஷியில் துப்பாக்கியை எடுத்துச் சுட்டு போலீஸில் மாட்டிய பொடியன். சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். கார்னெட் என்கிற ஊதுகருவியை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அங்கேதான். 2001-லிருந்து அந்த ஊர் ஏர்போர்ட்டுக்கே அவர் பெயர்! ‘அந்த ஏரியா பசங்களா... கேஸ் பார்ட்டிங்கப்பா’ என்று நம்மைச் சொல்கிறவர்கள் கவனிக்க.

இவ்வளவும் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. காரணம், எங்க ஆயா.

நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது ஆயா இறந்தாங்க. எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஓர் அண்ணன் வருவார். ஹார்பரில் லோடு ஏற்றுகிறவர். விடிய விடிய மரண கானா பாடுவார். அன்றைக்கும் டோலக்கோடு வந்து நின்றார். நான்தான் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, “காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கப்பா... கானாலாம் வேணாம்” என்றேன். நார்த் மெட்ராஸ் என்றாலே ‘இன்னா நைனா’ என்று ஓட்டுகிற கிளாஸ் எங்களுடையது. அப்பா எதுவும் பேசவில்லை. அண்ணன் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்தாங்க ஆயா.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பியவன், நேரே வீட்டுக்குப் போகாமல் ராயபுரத்தில் இறங்கினேன்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். முகப்புத் தூண்கள் இன்னும் கம்பீரம். ஒரு பக்கம் துறைமுகம், கொஞ்சம் வடக்கே காசிமேடு. இந்த ராயபுரத்துப் பெண்தான் இசைவாணி. ஆம்பளைங்க ராஜ்ஜியமாக இருந்த கானாவில் மைக் பிடித்து, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலுக்குப் போனவர். பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து 2017-ல் தொடங்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் கச்சேரி. கிட்டாருக்குப் பக்கத்திலேயே சட்டியும் கட்ட மோளமும்!

மேடையெல்லாம் கிடைப்பதற்கு முன்பு கானாவுக்கு என்ன இருந்தது? டோலக், டேப்பு. அதுவும் இல்லையென்றால் கேரம் போர்டு, தீப்பெட்டி, பஸ்ஸின் தகரம். சினிமாவில் தேவா அதைப் பிரபலமாக்கினார். 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் மீனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார். 2012-ல் ‘அட்டகத்தி’ மூலம் கானா பாலா வந்தார். சட்டம் படித்தவர், தெரியுமா?

ஜாஸிலும் இதே கதைதான். 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் ரெக்கார்டு ஒரு வெள்ளைக்காரக் குழுவினுடையது. அதற்கெல்லாம் முன்பே நியூ ஆர்லியன்ஸைக் கலக்கிய கறுப்பினக் கலைஞர் படி போல்டன் வாசித்த ஒரு ரெக்கார்டுகூட இன்று கிடைக்கவில்லை. எங்கள் தெரு அண்ணனின் பாட்டை எத்தனை பேர் பதிவு செய்திருப்போம்? நான் செய்யவில்லை.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ பிடித்தேன். 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டியதில் எங்களுக்குக் கிடைத்த வரம். கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, நாம் ஜம்மென்று மேலே போகலாம். டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி.

தேரடியில் இறங்கினால் இன்னொரு இசை. வடிவுடையம்மன் கோயில். தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் புழங்கிய ஊர் இது. அவர் அழைப்பில் இங்கே வந்த தியாகராஜர், அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். ‘திருவொற்றியூர் பஞ்சரத்னம்’ என்று கச்சேரிகளில் இன்றும் பாடுகிறார்கள். குப்பய்யரின் மகன் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர். ஊர் பெயரை முன்னால் போட்டுக்கொள்ள அவருக்குக் கூச்சமில்லை. நான் காலேஜில் ‘எந்த ஊர்’ என்று கேட்டால் ‘சென்னை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்!

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் பட்டினத்தார் சமாதி. கசந்த பேய்க்கரும்பு இனித்ததால் இங்கேயே அடங்கினார் என்பது கதை. அம்மாவின் சிதைக்கு முன்னால் நின்று அவர் அழுது பாடிய பாட்டு தமிழ்நாட்டுக்கே தெரியும். கானாவின் வேரைத் தேடுகிறவர்கள் சித்தர் பாட்டுகளையும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மரண கானாவுக்கு மூத்த அண்ணன் எங்க ஊர்க் கடற்கரையில்தான் படுத்திருக்கிறார்.

கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகள் மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வீட்டில் விசாரித்துத்தான் வந்தேன்.

“எப்டிண்ணா ராத்திரி முழுக்கப் பாடறீங்க? எழுதி வெச்சுக்குவீங்களா?”

“எழுதி வெச்சா எப்டி தம்பி? ஒவ்வொரு சாவும் ஒண்ணா? ஆளைப் பத்தி முதல்ல கேட்டுக்குவேன். பேரு, ஊரு, இன்னா வேலை, யார் மேல உசுரு, கடைசியா இன்னா துன்னாங்க... மெட்டு கைல கீது. பாட்டு அங்க குந்துனாதான் வரும்.”

ஜாஸில் இதற்குப் பெயர் இம்ப்ரவைசேஷன். கோயில் பக்கத்து வித்வான்கள் மனோதர்மம் என்பார்கள். அண்ணன் பெயரெல்லாம் வைக்கவில்லை.

“அன்னிக்கு ஆயாவுக்கு நான்தாண்ணா வேணாம்னு சொன்னேன்.”

“தெரியும்.”

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும். பிறகு அவரே பேசினார். “ஆடி மாசம் நெனவு நாள் வருதுல்ல? பாடலாம். ஆயா பத்தி எழுதிக் குடு.”

லேப் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். வேலை: காசிமேட்டில் மீன் எடுத்து, தேரடியில் கூடை வைத்து விற்றது. உசுரு: நான். கடைசியாகச் சாப்பிட்டது: தெரியவில்லை. பிறந்த ஊர்: அதுவும் தெரியவில்லை.

அம்மாவுக்கு போன் போட்டேன்.