டிராக்கில் பாட்டி இல்லை!
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. போரூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து நானும் என் மகனும் கிளம்பினோம். கார் டிக்கியில் ஒரு கோணிப்பை. அதற்குள் விளிம்பு நெளிந்துபோன ஒரு 17 இன்ச் அலாய் வீல்.

அந்த வீலுக்கு ஒரு கதை இருக்கிறது.

மகன் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் கார், 70,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு பழைய ஹேட்ச்பேக். வீட்டில் இருப்பது அந்த ஒரு கார்தான். வாரம் இரண்டு முறை என் அம்மாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஒருநாள் மகன் ஜி.பி. ரோட்டுக்குப் போனான். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் திரும்பினால், சீட் கவரில் ஆரம்பித்து ஹாரன் வரை காருக்கான அத்தனையும் கிடைக்கும் தெரு. அங்கே ஒரு கடையில் 15 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு, பளபளவென்று 17 இன்ச் மாட்டிக்கொண்டு வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெருப் பையன்கள் எல்லாம் செல்ஃபி எடுத்தார்கள்.

மூன்றாவது வாரம், மழை பெய்த ஒரு ராத்திரி. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த பூந்தமல்லி சாலையில், தண்ணீர் நிறைந்த பள்ளம் ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ‘டமார்’ என்று ஒரு சத்தம். பின் சீட்டிலிருந்த அம்மா “ஐயோ” என்று கத்தியதை மகன் இன்னும் மறக்கவில்லை. டயர் கிழிந்து, ரிம் நெளிந்துவிட்டது. அம்மாவை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதன்பிறகு அந்தக் காரில் ஏற அம்மா மறுத்துவிட்டார்.

மகன் பழைய வீலையே திரும்ப மாட்டினான். ஆனாலும் ஆசை விடவில்லை. “வீல் மட்டும் மாத்தினதுதான்பா தப்பு. சஸ்பென்ஷனையும் சேர்த்து மாத்தியிருக்கணும்” என்றான். இன்னொரு 60,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

நான் திட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். “மாத்தறதுக்கு முன்னாடி, இதையே பொழப்பா வச்சிருக்கிறவங்களை ஒருதரம் பார்த்துட்டு வந்துடலாம்.”

ஏரி தாண்டினால் எஞ்சின் சத்தம்

பூந்தமல்லியைக் கடந்தால் இடதுபக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அதையும் தாண்டினால் தொழிற்சாலைகளின் ஊர். 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் உருவாகும் ஆலை இருப்பது இதே இருங்காட்டுக்கோட்டையில்தான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். காலை வேளையில் கோயிலுக்குப் போகிறவர்களும், ஷிஃப்ட் பஸ்களும், ரேஸ் பார்க்கப் போகிறவர்களும் ஒரே நெடுஞ்சாலையில் போவது இங்கே சகஜம்.

சென்னைக்கு ரேஸ் புதிதல்ல. 1953-ல் தொடங்கப்பட்டது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அந்தக் காலத்து ரேஸ்கள் எல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. பிறகு ரேஸுக்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் டிராக் கட்டி, 1990-ல் திறந்தார்கள். நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் வீரரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், மாருதி எஞ்சின் பொருத்திய குட்டி ரேஸ் காரில் தன் ஆரம்பப் பாடத்தைப் படித்ததும் இங்கேதான்.

நாங்கள் போனது ரேஸ் நாள் அல்ல, ‘டிராக் டே’. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, தங்கள் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். என் நண்பரின் மைத்துனர் ஓட்ட வந்திருந்ததால், கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் ‘பேடாக்’ பகுதிக்குள் எங்களுக்கும் இடம் கிடைத்தது.

முதலில் கண்ணில் பட்டதே ஆச்சரியம்தான். ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். பின் சீட்டை மடக்கிப்போட்டு நான்கு டயர்களை அடுக்கியிருந்தார். வந்த வீல்களைக் கழற்றி ஓரமாக வைத்தார். கொண்டுவந்த நான்கையும் மாட்டினார். சாயந்திரம் திரும்ப மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாராம். ‘ரோட்டுக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட்’ என்பது இங்கே சர்வசாதாரணம்.

“அப்பா, அந்த டிராக் வீல் சைஸைப் பாருங்க” என்றான் மகன். 15 இன்ச். அவன் கழற்றிப்போட்ட அதே அளவு.

ரெண்டு விரல் ரப்பர்

நண்பரின் மைத்துனர் எங்களை ஒரு மெக்கானிக்கிடம் அறிமுகப்படுத்தினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சோழவரம் காலத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வந்து, இந்தத் தொழிலிலேயே தங்கிவிட்டவர். கோணிப்பையைப் பிரித்து வீலைக் காட்டினேன். விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகனைக் கேட்டார்.

“டயர் என்ன சைஸ் தம்பி?”

“205/45 R17 அண்ணே. கம்பெனி சைஸ் 185/65 R15.”

ஒரு அட்டையைக் கிழித்து, பின்பக்கம் கணக்குப் போட்டார். டயரில் எழுதியிருக்கும் முதல் எண், அதன் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண், ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

185-ல் 65 சதவிகிதம் என்றால் 120 மில்லிமீட்டர். 205-ல் 45 சதவிகிதம் என்றால் 92. டயரின் மொத்த விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்; 621 மில்லிமீட்டருக்கு 616. அதனால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த ரப்பரில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது.

“காருக்கு முதல் ஸ்பிரிங் இந்த டயரும் அதுக்குள்ள இருக்கிற காத்தும்தான் தம்பி. பள்ளத்துல விழுந்தா முதல்ல அடி வாங்கிக்கிறது அதுதான். ரெண்டு விரல் ரப்பரை எடுத்துட்டு இரும்பு மாதிரி ரிம்மை வச்சுட்டீங்க. அப்புறம் அடி யாருக்கு? ரிம்முக்கு. அடுத்து, உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு.”

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் காதில் பாட்டியின் “ஐயோ” கேட்டிருக்க வேண்டும்.

எடை இன்னொரு விஷயம். வீல், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அங்கே எடை கூடினால், மேடு பள்ளத்தில் வீல் துள்ளிவிட்டுத் திரும்பத் தரையைத் தொட நேரமாகும். “கனமான பூட்ஸ் போட்டுக்கிட்டு ஓடிப் பாருங்க, புரியும்” என்றார். மலிவான வார்ப்பு வீல்களில் பெரிய அளவு என்றால் எடையும் பெரிது. டிராக்கில் ஓட்டுபவர்கள் தேடுவது பெரிய வீல் அல்ல, லேசான வீல்.

ஒரு தகவல் சொன்னார், நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், உண்மைதான். ஃபார்முலா ஒன் ரேஸில் 2021 சீசன் வரை பயன்பட்டது வெறும் 13 இன்ச் வீல். 2022-ல்தான் 18 இன்ச்சுக்கு மாறினார்கள். அதுவரை அந்தக் கார்களின் சஸ்பென்ஷன் வேலையில் பெரும் பங்கை உயரமான டயர்தான் பார்த்தது.

ஊஞ்சலும் கையும்

“சரிண்ணே, சஸ்பென்ஷனை இறக்கிக் கட்டினா வளைவுல நல்லா நிக்கும்ல?” மகன் விடவில்லை.

“நிக்கும். முதல்ல உங்க காரைக் காட்டுங்க.”

எங்கள் காரின் முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு விட்டார். கார் மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே, மறுபடி கீழே. “நல்ல ஷாக் அப்சார்பர்னா ஒருதரம் எழும்பி நிக்கணும். இது தாலாட்டுது.” குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஷாக் அப்சார்பர் மேலெல்லாம் எண்ணெய்க் கசிவு. லோயர் ஆர்மில் இருந்த ரப்பர் புஷ் வெடித்திருந்தது.

ஊஞ்சலை வைத்து விளக்கினார். உந்திவிட்டால் ஆடிக்கொண்டே இருப்பது ஸ்பிரிங். பக்கத்தில் நின்று கைவைத்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக மாற்றினால், பலமாக ஆடும் ஊஞ்சலைக் குழந்தையை விட்டுப் பிடிக்கச் சொன்ன மாதிரி. சில இடங்களில் காரை இறக்க ஸ்பிரிங்கையே வெட்டிவிடுகிறார்கள். அது எல்லாவற்றையும் விட ஆபத்து. ஷாக் அப்சார்பர் இயங்க இடமில்லாமல் முட்டி முட்டியே கெடும். தூக்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

டிராக் கார்களில் ‘காயில்ஓவர்’ என்று ஒன்று போடுகிறார்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடியாகச் செய்யப்பட்டது. மரையைத் திருகி உயரத்தை ஏற்றி இறக்கலாம். வீலின் மேல்பகுதியை உள்பக்கமாகச் சாய்த்தும் வைப்பார்கள். அதற்குப் பெயர் ‘கேம்பர்’. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் முழுசாகத் தரையில் படிய அது உதவும். அதே சாய்வோடு தினமும் நேர் ரோட்டில் ஆபீஸ் போனால், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும்.

“ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க தம்பி. டிராக்குல பள்ளம் இல்ல. ஸ்பீட் பிரேக்கர் இல்ல. பாட்டியும் இல்ல.”

மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அந்த நேரத்தில் டிராக்கில் ஒரு வேடிக்கை. 18 இன்ச் வீலோடு ஒரு செடான், நேர்கோட்டில் உறுமிக்கொண்டு போனது. பின்னால் ஒரு சின்ன கார். பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வளைவு வந்ததும் செடானின் டயர்கள் கிறீச்சிட்டு அகலமாக ஒதுங்கின. சின்ன கார் உள்பக்கமாகச் சத்தமில்லாமல் புகுந்து முன்னே போய்விட்டது. ஓட்டுபவரின் திறமைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால், அந்தக் காரில் என்ன மாற்றியிருக்கிறார் என்று மகன் ஓடிப்போய்க் கேட்டுவந்தான். நல்ல டயர், புது ஷாக் அப்சார்பர், சரியான அலைன்மென்ட், பிரேக் பேட், பிரேக் ஆயில். அவ்வளவுதான்.

3.7 மீட்டர் கணக்கு

திரும்பி வரும்போது மகன் மெதுவாக ஓட்டினான். எங்கள் தெரு முனையில் மொத்தம் நான்கு ஸ்பீட் பிரேக்கர்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பவை படுத்திருக்கும் தென்னை மரம் மாதிரி. 3.7 கிலோமீட்டர் டிராக்குக்கு ஏற்ற காரை, இந்த வேகத்தடைகள் நிறைந்த தெருவில் தினமும் ஓட்ட நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அவனாகவே சொன்னான்.

அடுத்த வாரம் வேலை நடந்தது. நான்கு ஷாக் அப்சார்பர்களும் புதிது, கம்பெனி உயரத்திலேயே. புஷ்கள் புதிது. 15 இன்ச்சிலேயே லேசான அலாய் வீல், பழைய அளவிலேயே நல்ல டயர். கடைசியாக அலைன்மென்ட், பேலன்சிங். அவன் போட்டு வைத்த 60,000-க்குள்ளேயே முடிந்துவிட்டது. கார் வளைவில் நிற்கிறது என்கிறான் மகன். இத்தனை நாளும் காரில் ஏதோ குறைகிறது என்று அவன் நினைத்தது, தேய்ந்துபோன உதிரிபாகங்கள்தான்.

உங்கள் காரில் கைவைக்கும் முன்…

* முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். ஷாக் அப்சார்பர், புஷ், அலைன்மென்ட் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள்.

* செலவு வரிசை: டயர், ஷாக் அப்சார்பர், அதற்குப் பிறகுதான் வீல்.

* டயரின் மொத்த விட்டம் பழையதை ஒட்டியே இருக்கட்டும். சுமை தாங்கும் எண் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது.

* வீல் வாங்கும்போது போல்ட் துளைகளின் இடைவெளி, நடுத்துளை, ஆஃப்செட் மூன்றும் உங்கள் காருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆஃப்செட் தவறினால் டயர், ஃபெண்டரிலோ ஷாக் அப்சார்பரிலோ உரசும்.

* டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், தயாரான வாரமும் வருடமும். 2324 என்றால் 2024-ம் வருடம் 23-வது வாரம்.

* மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. எந்த மாற்றத்தையும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

* டிராக் ஆசை இருந்தால், தனியாக இன்னொரு செட் வீல், டயர் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் டிராக்கோடு இருக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைச் சமாதானப்படுத்தி, மறுபடி அந்தக் காரில் ஏற்றினோம். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். தெரு முனையில் முதல் ஸ்பீட் பிரேக்கர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மகன் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அம்மாவின் கை, கைப்பிடியில் இல்லை. தலை சாய்ந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.