கடலில் குச்சி நடுகிறவர்கள்

தை, மாசியில் ராசிபுரம் பக்கம் போனால் காட்டோரங்களில் குச்சிகளைக் கட்டுக்கட்டாக மர நிழலில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். கிழங்கு சேகோ ஆலைக்குப் போயிருக்கும். தண்டு மட்டும் அடுத்த நடவுக்குக் காத்திருக்கும். புத்தகத்தில் மரவள்ளி, எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு. பெயரிலேயே விவசாயம் இருக்கிறது: விதையை நம்பாமல் குச்சியை நட்டு எடுக்கிற வெள்ளாமை. ஒருவர் காட்டில் நல்லபடியாக விளைந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, "ரெண்டு கட்டு குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிப் போவார். மறுவருஷம் கொடுத்தவரின் காடு காய்ந்துபோனால், அதே ரகம் அதே வீட்டிலிருந்து திரும்பி வரும்.

பவளத்தை வெட்டிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு இந்தக் குச்சிக்கட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடல்மீன் தொட்டி வளர்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை ஓரிடத்தில் கூடுகிறார்கள். தம் தொட்டியில் வளர்ந்த பவளத்தின் கிளையை விரல்நீளத்துக்கு வெட்டி, சிறு சுண்ணக்கட்டியில் பசையால் ஒட்டிக் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறார்கள். வெட்டிய துண்டுக்கு ஃப்ராக் என்று பெயர். ஒருவர் வீட்டில் மின்சாரம் போய்த் தொட்டி செத்தாலும் அவருடைய பவளம் நாலு வீடுகளில் உயிரோடு இருக்கும்.

நாங்கள் 11 பேர். சேலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், நாமக்கல்லுக்குப் பக்கத்தில் லேயர் கோழிப்பண்ணை நடத்துபவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஓட்டுபவர், ராசிபுரத்தில் பள்ளி ஆசிரியை என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஆட்கள். எங்களைச் சேர்த்தது உப்புத்தண்ணீர். இங்கிருந்து கடற்கரை என்றால் கிழக்கே கடலூருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகவேண்டும். ஆனாலும் இந்தச் சமவெளியில் கடலின் சாமான் எல்லாம் கிடக்கிறது. பவளத் தொட்டிக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் வேண்டும். சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சேலத்துக்கும் ஏற்காட்டு மலைக்கும் நடுவில் மேக்னசைட் சுரங்கங்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. நாமக்கல் பண்ணைகளில் கோழிக்குக் கிளிஞ்சல் போடுகிறார்கள். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் செலவாகிறது. முட்டையோடும் பவளத்தின் எலும்பும் ஒரே கால்சியம் கார்பனேட்தான், படிகம்தான் வேறு.

எங்கள் திட்டம் இதுதான். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுச் சில பவளங்கள் வாங்குவது, வளர்த்து வெட்டுவது, ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்வது. கோழிப்பண்ணைக்காரர் தன் தீவனக் கிடங்கைத் தருவதாகச் சொன்னார். எத்தனை தொட்டி, எத்தனை பவர்ஹெட், இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு நோட்டு நிறைய எழுதினேன்.

பவளம் விற்பதாகச் சொன்ன ஒருவரைத் தேடிப் போனபோது, "எல்லாம் இம்போர்ட்டுங்க" என்றார். பில் கேட்டேன். சிரித்துவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். வாங்காமல் வந்தேன். அன்று இரவு ஆசிரியை சட்டத்தைப் படித்துவிட்டுப் போன் செய்தார். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும், கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. செத்த பவளத்தின் எலும்பும் இதில் அடக்கம். அதனால் 'லைவ் ராக்' என்று கைமாறும் கற்களில் பலவற்றையும் நாம் தொடக்கூடாது.

"புலிக்குட்டிய மாத்திக்கிற மாதிரியாங்க?" என்றார் ரிக் அண்ணன். அவர் கேட்ட விதத்தில் வருத்தம்தான் இருந்தது. நோட்டை மூடிவைத்தேன். ஆனால் மனசு மூடவில்லை. நம் ஊரில் பவளத்தை வெட்டி நடுகிறவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் அந்த வேலையைச் செய்துவருகிறது. தொட்டிக்காக அல்ல, பாறைக்காக, உரிய அனுமதியோடு. கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக நான் தெற்கே பஸ் ஏறியது அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிச்சமூப்பன் வலசை. அங்கே வனத்துறையின் கண்ணாடி அடித்தளப் படகு ஓடுகிறது. கூட வந்தவர்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். படகின் நடுவில் பதித்த கண்ணாடியைச் சுற்றி முழங்காலிட்டுக் குனிந்தோம். என் தொட்டியில் நீலமும் ஊதாவுமாக விளக்கு எரியும்; வெளிநாட்டுப் படங்களில் பவளம் அந்த வெளிச்சத்தில் பளபளக்கும். இங்கே நிஜப் பவளம் காய்ந்த புளியம்பழ நிறத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த சிறுமி, "இது கல்லுதானே?" என்று கேட்டாள். படகுக்காரர் சொன்னார்: "கல்லுதாம்மா. ஆனா உசுருள்ள கல்லு. மேல ஒரு தோலு இருக்கு, அந்தத் தோலுதான் அது." பவள உயிரியல் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை. அந்த மெல்லிய தோலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்தின் நிறமும் சோற்றில் பெரும்பங்கும் அந்தப் பாசி கொடுப்பது. தண்ணீர் சூடேறினால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். சூடு சில வாரங்களில் இறங்கினால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும்.

மறுநாள் தூத்துக்குடி. நான் பார்க்கப்போனவருக்கு அறுபது வயதிருக்கும். இளவயதில் கடலடியில் கல் பேர்த்தவர். பிறகு பவளம் நடும் குழுக்களோடு படகிலும் தண்ணீரிலும் வேலை செய்தவர். இந்தக் கரையில் சங்கு குளிப்பதும் முத்துக் குளிப்பதும் பழைய தொழில்கள். மூச்சடக்கும் வித்தை அந்த வழியில் வந்தது. அவர் பவளப்பாறை என்ற சொல்லை என்னிடம் மரியாதைக்காக மட்டும் பயன்படுத்தினார். தமக்குள் பேசும்போது 'பார்' என்றுதான் சொல்கிறார்கள்.

"அப்போ கடப்பாரையால நெம்புவோம் அண்ணாச்சி. வள்ளம் நெறைஞ்சா கரை. கரையில லாரி நிக்கும். காளவாசலுக்குப் போவும், சுண்ணாம்பாவும். தப்புன்னு யாரும் சொல்லல. கல்லுன்னுதான் நெனச்சோம்."

சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பார்களைப் பேர்த்தெடுத்தார்கள். 2001இல் பவளம் சட்டத்துக்குள் வந்தது, 2004 டிசம்பரில் சுனாமி வந்தது, அதையடுத்துக் கல்லெடுப்பு நின்றது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு அலையில் கரைந்து சிறுத்துப்போனதற்கு, முன்னால் அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பார் போனது பெரிய காரணம். இப்போது அந்தத் தீவைக் காக்கக் காங்கிரீட்டில் செயற்கைப் பார்களைச் செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன.

நடுவதைப் பற்றிக் கேட்டதும் அவர் கைகள் பேசத் தொடங்கின. நல்ல ஆரோக்கியமான கூட்டத்திலிருந்து மட்டும்தான் துண்டு எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் மொட்டையடிக்கக் கூடாது. அலையில் ஒடிந்து மணலில் கிடக்கும் உயிருள்ள துண்டு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, அது எப்படியும் புதைந்து சாகப்போவது. எடுத்ததை வெயில் காட்டாமல், முடிந்தவரை தண்ணீரைவிட்டு வெளியே கொண்டுவராமல் இடம் மாற்றவேண்டும். சிறு காங்கிரீட் பலகையில் துண்டை வைத்து நைலான் கயிற்றாலோ கேபிள் டையாலோ கட்டுவார்கள். பலகைகளைக் காங்கிரீட் சட்டத்தில் பொருத்திச் செத்த பாரின்மேல் இறக்குவார்கள்.

"முடிச்சுதான் வேலை. லூசா இருந்தா நீரோட்டத்துல ஆடும். ஆடுனா ஒட்டாது. ரொம்ப இறுக்குனா தோலு அறுந்து அங்கனயே அழுவும்." ஒரு பென்சிலை எடுத்து என் செல்போன் ஓரத்தில் கட்டிக் காட்டினார். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, விரலால் தட்டிப் பார்த்தல். "இந்தத் தட்டு தண்ணிக்குள்ளயும் கையில தெரியும்."

கட்டு சரியாக விழுந்தால் பவளத்தின் தோல் மெல்லக் கீழே படர்ந்து, காங்கிரீட்டைப் பிடித்து, கட்டிய கயிற்றையே மூடிவிடும். கயிறு கண்ணுக்குத் தெரியாமல் போனால் அது பிழைத்துவிட்டது என்று கணக்கு. கிளைப் பவளம் நன்றாக இருக்கும் இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளங்களுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டரே பெரிது. நட்டதோடு முடிவதில்லை. திரும்பத் திரும்ப இறங்கி அளக்கவேண்டும், மேலே படியும் பாசியையும் சேற்றையும் நீக்கவேண்டும். கச்சான் காற்று மாதங்களில் தண்ணீர் கலங்கிக் கை நீட்டினால் விரல் தெரியாது. அப்போது வேலை நிற்கும். கோடையில் பவளத்தைத் தொடமாட்டார்கள்.

அந்தக் கோடையைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசவில்லை. 2016இல் வளைகுடாவில் உயிர்ப்பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு விழுந்தது. அவர் சொன்னதெல்லாம், "உள்ள போனா வெள்ளை வேட்டி விரிச்ச மாதிரி இருந்துச்சு." எனக்குச் சேலத்து மே மாதம் நினைவுக்கு வந்தது. ஒரு வருஷம் என் சில்லர் நின்று தொட்டி 32 டிகிரிக்குப் போனது. பக்கத்துக் கடையில் ஐஸ்கட்டி வாங்கிப் பாலித்தீன் பையில் மிதக்கவிட்டுக் காலை வரை உட்கார்ந்திருந்தேன். கடலுக்கு அப்படி உட்கார யாரால் முடியும்?

குச்சிக்கிழங்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். நோயில்லாத செடியின் நடுத்தண்டிலிருந்து ஒரு சாண் அளவு கரணை வெட்டுவோம், நிழலில் வைத்திருப்போம், தேமல் விழுந்த செடியின் குச்சியை நட்டால் காடு முழுக்கத் தேமலாகும் என்று. அவர் உடனே, "இங்கயும் அப்படித்தான். சீக்குப் புடிச்ச துண்டு பக்கத்துல உள்ளதையும் கெடுக்கும்" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் பஸ்ஸில் ஊர் வரை என்னோடு வந்தது. நட்ட பவளமும் பெரிதானால் பங்குனி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கடலில் கருவை விடுமாம். குச்சியாக வந்தது விதை விடுகிறது.

திரும்பியதும் மூடிய நோட்டைத் திறந்தேன். எங்கள் மாற்றுச்சந்தை நடக்கட்டும், பவளம் இல்லாமல் நடக்கட்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பவளத்துக்குக் கடலில் ஆள் இருக்கிறது. கடலிலிருந்து பிடிக்காமல் வீட்டிலேயே பெருக்கக் கூடியதை மட்டும் நாங்கள் மாற்றிக்கொள்வோம்.

அப்படிப் பெருக்கக் கூடியவற்றில் முதலாவது க்ளவுன் மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையைச் செய்து காட்டியவை. க்ளவுன் குஞ்சுகள் முதலில் ஆணாக வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. ஆசிரியை பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி வளர்த்து ஜோடி சேர்த்திருந்தார். பொரித்த குஞ்சு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் முதல் சோறு. ரோட்டிஃபருக்குச் சோறு பச்சைத்தண்ணீர், அதாவது நுண்பாசி. பாசி கெட்டால் ரோட்டிஃபர் சாகும், ரோட்டிஃபர் செத்தால் அடுத்த நாள் குஞ்சு சாகும். ஒரே வீட்டில் இந்த மூன்றையும் அறாமல் வைத்திருப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பத்து வீட்டில் ஆளுக்கொரு பாட்டில் இருந்தால் முடியும். எங்கள் சந்தைக்கு உண்மையான காரணம் அங்கேதான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளிஞ்சல் மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, கிடங்கில் மேசை போட்டோம். வாசலிலேயே ஒவ்வொரு பையின் தண்ணீரிலும் உப்பின் அளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தோம். பெரும்பாலும் 1.025. ரிக் அண்ணனுடையது 1.020தான் காட்டியது, அவருடைய மீன்களைக் கடைசியில் தனி வாளியில் வைத்து, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பொறுமையாகப் பழக்கினோம். இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த மீன்தான் மேசைக்கு வரலாம் என்பது விதி. வெண்புள்ளி நோய்க்குப் பயந்து வைத்த விதி அது. ஒருவர் அதை மறந்து கொண்டுவந்திருந்தார், பழகிய ஆள். திருப்பி அனுப்பும்போது எனக்கு வாய் வரவில்லை. கோழிப்பண்ணைக்காரர்தான் சொன்னார்: "எம் பண்ணைக்குள்ள நானே காலை மருந்துல நனைச்சுட்டுத்தான் போறேனுங்க. கோவிச்சுக்காதீங்க." அவர் கோபிக்கவில்லை. மீனைக் காரில் நிழலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மேசையில் க்ளவுன் குஞ்சுகள், தொட்டியில் வளர்ந்த கீட்டோமார்ஃபா பாசி, ரோட்டிஃபரும் பச்சைத்தண்ணீரும் நிறைந்த பாட்டில்கள், பாக்டீரியா ஊறிய செராமிக் வளையங்கள், சிமென்டில் வார்த்த துளைக்கற்கள். லேத் பட்டறைக்காரர் பி.வி.சி குழாயில் தானே செய்த ஸ்கிம்மர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பணம் கிடையாது, ஒன்று வைத்தால் ஒன்று எடுக்கலாம். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். ஆசிரியை அவன் கையில் பச்சைத்தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "தினமும் ரெண்டு தடவ குலுக்கு கண்ணு. ஜன்னல் வெளிச்சம் போதும். என்னோடது செத்துப்போனா உங்கிட்டத்தான் கேப்பேன்."

மூன்று வாரம் கழித்து இரவு ஏழு மணிக்கு ஆசிரியையிடமிருந்து போன். தன் பச்சைத்தண்ணீர் தெளிந்து போய்விட்டது என்றார். பையனின் பாட்டில் நன்றாக இருக்கிறதாம், அவன் அப்பா டிவிஎஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாராம். நான் முட்டையைப் பற்றிக் கேட்டேன். தொட்டிக்குள் வைத்த ஓட்டின்மேல் இட்டு எட்டு நாள் ஆகிறது, தகப்பன் மீன் விசிறிக்கொண்டே இருக்கிறது, முட்டைக்குள் கண் வெள்ளியாக மின்னுகிறது என்றார். கண் வெள்ளியானால் அன்று ராத்திரி பொரிக்கும், இருட்டில்தான் பொரிக்கும்.

"அப்ப லைட்டை அணைச்சுடுங்க" என்றேன்.

"அணைச்சாச்சுங்ணா. வீடே இருட்டுத்தான். டிவிஎஸ் சத்தம் கேக்குது, இருங்க, கதவத் தொறக்கறேன்."